தாயின் எடையும் சேயின் உடலும்

(அறக்கட்டளை விழாவின் மகளிர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மருமகள் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி வீட்டில் பரவியதும் அவளைத் தேடி இரண்டு அறிவுரைகள் வந்து சேரும். "இனி நீ ஒருத்தி இல்லை, இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டும்" என்பார் மாமியார். "வயிறு முட்டச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துவிடும், சுகப்பிரசவம் ஆகாது, குறைத்தே சாப்பிடம்மா" என்பார் பாட்டி. இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவை. எதைக் கேட்பது என்று தெரியாமல் அந்தப் பெண் திகைத்து நிற்பாள்.

இவற்றில் எது சரி என்ற கேள்விக்குக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மருத்துவ உலகம் பெரிதும் தெளிவான விடையைக் கண்டிருக்கிறது. அந்த விடை பிரசவ நாளோடு முடிவதில்லை. கருவுறும்போது தாயின் எடை எவ்வளவு, கருவுற்ற மாதங்களில் அது எவ்வளவு கூடியது, அப்போது அவள் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பவை, அவள் பெற்ற பிள்ளைக்கு நாற்பது ஐம்பது வயதில் சர்க்கரை நோயோ இதய நோயோ வரும் வாய்ப்போடு தொடர்புடையவை. உண்ட உணவை ஆற்றலாக மாற்றுவது, மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேர்ப்பது முதலிய உடலின் வேலைகளை வளர்சிதை மாற்றம் என்கிறோம். அவ்வேலைகளை எப்படிச் செய்வது என்பதைக் குழந்தையின் உடல் பெருமளவு தாயின் வயிற்றிலேயே பழகிக்கொள்கிறது.

பட்டினிக் காலத்துப் பிள்ளைகள்

இந்த உண்மை முதன்முதலில் ஒரு பெருந்துயரத்தின் வழியாகவே உலகுக்குத் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-ஆம் ஆண்டு செப்டம்பரில், நேச நாட்டுப் படைகளுக்கு உதவும் பொருட்டு நெதர்லாந்தின் இரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பழிவாங்கும் வகையில் ஜெர்மானிய ஆட்சியாளர் நாட்டின் மேற்குப் பகுதிக்குச் செல்லும் உணவைத் தடுத்தனர். பின்னர் தடை தளர்ந்தபோது, கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றன. ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழங்கப்பட்ட உணவு 1945-இன் தொடக்க மாதங்களில் 400 முதல் 800 கலோரியாகக் குறைந்தது. மே மாதம் நாடு விடுதலை பெற்றதும் உணவு மீண்டும் கிடைத்தது.

பஞ்சம் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் தெளிவாகத் தெரிந்திருந்தமையால், எந்தக் குழந்தை கருவின் எந்த மாதத்தில் பட்டினியை அனுபவித்தது என்பதைப் பிற்காலத்தில் கணக்கிட முடிந்தது. அப்பிள்ளைகள் 19 வயதில் இராணுவச் சோதனைக்கு வந்தபோது எடுக்கப்பட்ட மூன்று இலட்சம் இளைஞர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1976-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கருவின் முதற்பாதியில் பட்டினியைக் கண்டவர்களிடையே உடற்பருமன் மிகுதியாக இருந்தது. கருவின் கடைசி மாதங்களில் பட்டினியைக் கண்டவர்களிடையே அது குறைவாக இருந்தது. அவர்களில் பலர் ஐம்பது வயதை எட்டியபோது ஆம்ஸ்டர்டாமில் நடத்தப்பட்ட சோதனையில், கருவில் பட்டினியைக் கண்டவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருப்பது தெரியவந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவின் தொடக்கத்தில் மட்டும் பட்டினியைக் கண்ட குழந்தைகள், தாய்க்குப் பின்னர் உணவு கிடைத்தமையால், இயல்பான எடையுடனேயே பிறந்தனர். பிறந்த அன்று தராசு காட்டிய எடையில் குறையேதும் இல்லை. ஆயினும் உடலுக்குள் மாற்றம் நிகழ்ந்துவிட்டிருந்தது.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயர் வட்டாரத்தில் 1911 முதல் எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் தலைமைச் சுகாதாரப் பார்வையாளர், பிறந்த குழந்தைகளின் எடையையும் ஓராண்டு நிறைவில் அவற்றின் எடையையும் பேரேடுகளில் பதிவு செய்யும் முறையை ஏற்படுத்தினார். பல்லாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் அப்பேரேடுகளைக் கண்டெடுத்து, அவற்றில் பெயருள்ளவர்களைத் தேடிச் சென்றனர். பிறக்கும்போது எடை குறைந்திருந்தவர்களிடையே முதுமையில் இதய நோய் இறப்பும் சர்க்கரைக் குறைபாடும் மிகுதியாக இருந்தன. வயிற்றில் உணவு குறைந்த சிசு, கிடைத்ததைச் சிக்கனமாகச் செலவிட்டு மிச்சப்படுத்தப் பழகுகிறது. பிறந்தபின் உணவு தாராளமாகக் கிடைக்கும்போது அந்தச் சிக்கனமே அதற்குத் தீங்காகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

மிகுதியின் விளைவு

குறைவினால் கேடு என்றால் மிகுதியினால் நன்மையோ என்ற கேள்வி எழும். அதற்கும் விடை உண்டு.

தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடைகிறது. தாயின் இன்சுலினோ அவ்வாறு கடந்து செல்வதில்லை. ஆகவே தாய்க்குச் சர்க்கரை கூடும்போது, வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சின்னஞ்சிறு கணையமே மிகுதியாக இன்சுலின் சுரக்க வேண்டியதாகிறது. இன்சுலின் கொழுப்பை வளர்க்கும் தன்மையுடையது. குழந்தை கொழுப்பேறிப் பருக்கிறது. கோபன்ஹேகன் நகரத்து மருத்துவர் யோர்கன் பெடர்சன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதை விளக்கினார். தாயின் எடை மிகும்போது அவள் உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. அதனால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

"இது பரம்பரைதானே? தாய் பருமனாக இருந்தால் பிள்ளையும் அப்படித்தானே இருக்கும்?" என்று ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயத்தைத் தீர்க்க ஆய்வாளர்கள் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டனர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பிமா பழங்குடியினரிடையே சர்க்கரை நோய் மிகுதி. அங்கே, தாய்க்குச் சர்க்கரை நோய் வருவதற்கு முன் பிறந்த பிள்ளையையும் வந்தபின் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பின்னர் பிறந்தவர்களிடையே சர்க்கரை நோயும் உடல் எடையும் மிகுந்திருந்தன. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மிகுந்த பருமனுடைய பெண்கள் எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வதற்கு முன்னும் பின்னும் பெற்ற பிள்ளைகளை ஒப்பிட்டபோது, பின்னர் பிறந்த பிள்ளைகளிடையே கடும் பருமன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அவர்கள் உடலில் இன்சுலினும் நன்றாக வேலை செய்தது. பெற்ற தாய் அதே தாய்; அவள் உடல்நிலையே மாறியிருந்தது. பரம்பரைக்குப் பங்கு உண்டெனினும், கருவறைக்குத் தனிப் பங்கு உண்டு என்பதை இவை உணர்த்துகின்றன.

மெலிந்த உடல், மறைந்த கொழுப்பு

இந்தியக் குடும்பங்கள் இதில் தனியே கருத வேண்டிய செய்தி ஒன்று புனே நகரிலிருந்து வந்தது. அங்கே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் தலைமையில் 1993-இல், நகரை அடுத்த ஆறு கிராமங்களில், தாய்மார்களின் ஊட்டம் குறித்த நெடுங்கால ஆய்வு தொடங்கிற்று. அத்தாய்மார்கள் கருவுறுவதற்கு முன் சராசரியாக ஏறத்தாழ 42 கிலோ எடையே இருந்தனர். அவர்கள் பெற்ற குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளின் எடையோ 3.5 கிலோ. புனேக் குழந்தைகளின் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. ஆனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலின் அளவும் மிகுந்திருந்தது. பார்வைக்கு மெலிந்த குழந்தை, உள்ளே கொழுத்த குழந்தை.

யாக்னிக் இதைத் தம் உடலைக் கொண்டே விளக்கினார். அவரும் இலண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் 2004-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. "என் பெண் ஒல்லிதான், அவளுக்கேது சர்க்கரை?" என்று எண்ணும் தாய்மார்கள் இதை நினைவில் கொள்ளுதல் நன்று. பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டினால் எடை மிகுதி என்பது உலகப் பொதுக் கணக்கு. இந்தியருக்கு 23-ஐத் தாண்டும்போதே எடை மிகுதி என்று மருத்துவர்கள் கொள்வதற்குக் காரணமும் இதுவே.

மரக்கறி உணவும் ஒரு வைட்டமினும்

புனே ஆய்வில் வெளிப்பட்ட மற்றொரு செய்தி, தலைமுறை தலைமுறையாக மரக்கறி உணவு உண்ணும் குடும்பங்களுக்கு நேராகப் பொருந்துவது. அக்கிராமத் தாய்மார்களில் மூன்றில் இருவருக்கு இரத்தத்தில் வைட்டமின் பி12 குறைந்திருந்தது. ஃபோலேட் குறைந்தவர் ஒரேயொருவர்தாம். அவர்களின் பிள்ளைகளை ஆறு வயதில் சோதித்தபோது, பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடமே இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகமாக இருந்தது.

கீரையிலும் பருப்பிலும் ஃபோலேட் நிறைய உண்டு. பி12 தாவரங்களில் இல்லை. மரக்கறி உண்போருக்குப் பாலும் தயிரும் மோருமே அதன் இயற்கையான வழி. காபியில் கலக்கும் சிறிதளவு பால் அதற்குப் போதாது. இதனால் மரக்கறி உணவு தாய்க்கு ஏற்றதன்று என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்துவதும் கூடாது, அது குழந்தையின் முதுகெலும்புக் குறைகளைத் தடுப்பது. திருமணமான பெண் கருவுறுவதற்கு முன்பே பி12 அளவைச் சோதித்துக்கொண்டு, குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுத்துக்கொள்வதே செய்யத்தக்கது.

மரக்கறி உணவின் ஆற்றலுக்கு மும்பையிலிருந்தே ஒரு சான்றும் உண்டு. அந்நகரின் குடிசைப் பகுதிகளில் வாழும் பெண்களுக்கு, கருவுறுவதற்கு முன்பிருந்தே, கீரை, பழம், பால் ஆகியவை சேர்ந்த சிற்றுண்டி நாள்தோறும் வழங்கப்பட்டது. வேறொரு பிரிவினருக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் ஆன சிற்றுண்டி வழங்கப்பட்டது. கீரைச் சிற்றுண்டி உண்டவர்களில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் 7.3 விழுக்காடு, மற்றவர்களில் 12.4 விழுக்காடு. ஒரு கைப்பிடிக் கீரையும் ஒரு பழமும் பாலும் எந்த வீட்டுக்கும் எட்டாதவை அல்ல.

செய்யத்தக்கவை

முதலாவது, கருவுறுவதற்கு முன்பே எடையைச் சீராக்குதல். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், எடை மிகுந்த 2,200-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி ஆலோசனை தரப்பட்டது. தாய்மார்களின் உணவுப் பழக்கம் திருந்தியது; ஆயினும் மூன்று முதல் ஐந்து வயதில் இரு பிரிவுப் பிள்ளைகளின் எடையிலும் வேறுபாடு காணப்படவில்லை. கருவுற்றபின் தொடங்குவது காலம் கடந்த முயற்சியாகலாம் என்பதையே இது காட்டுகிறது. ஆகவே எடை மிகுந்த பெண் அதைக் குறைக்க வேண்டிய காலமும், மெலிந்த பெண் உடலைத் தேற்ற வேண்டிய காலமும் கருவுறுவதற்கு முந்திய காலமே. கருவுற்றபின் எடை குறைக்கும் பட்டினி கூடாது.

இரண்டாவது, கருவுற்ற மாதங்களில் எடை அளவோடு கூடுதல். அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-இல் வகுத்த வரையறை பல நாடுகளில் எடுத்தாளப்படுகிறது. மெலிந்தவர் 12.5 முதல் 18 கிலோ வரை, இயல்பான எடையுடையவர் 11.5 முதல் 16 கிலோ வரை, எடை மிகுந்தவர் 7 முதல் 11.5 கிலோ வரை, பருமனானவர் 5 முதல் 9 கிலோ வரை கூடலாம் என்பது அதன் சாரம். சிறிய உடலமைப்புடைய இந்தியப் பெண்ணுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். "இரண்டு உயிருக்கும் சேர்த்து" என்ற பழமொழிக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்காம் மாதம் முதல் கூடுதலாகத் தேவைப்படுவது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, நாளொன்றுக்கு 350 கலோரி. அதாவது ஏறத்தாழ இரண்டு இட்லியும் சாம்பாரும் ஒரு குவளைப் பாலும். இரண்டாவது இலை போட வேண்டியதில்லை; உள்ள இலையைச் சுருக்கவும் வேண்டியதில்லை.

மூன்றாவது, சர்க்கரைச் சோதனை. இதில் தமிழகம் நாட்டுக்கே வழிகாட்டியது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா அவர்களின் விடாமுயற்சியால், அனைத்துக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனை செய்யும் முறையைத் தமிழக அரசு 2007-இல் நடைமுறைப்படுத்தியது. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கவனம் தேவை. முதல் முறை மருத்துவமனைக்குச் செல்லும்போதும், மீண்டும் 24 முதல் 28 வாரத்திற்குள்ளும் இதைச் செய்தல் வேண்டும். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை" என்று சோதனையைத் தவிர்ப்பது முறையன்று.

நான்காவது, உணவு வேளைகள். கருவின் பிற்பகுதியில் தாயின் உடல் நெடுநேரப் பட்டினியைத் தாங்குவதில்லை. காலை உணவைத் தவறவிட்டால் மற்றவர்களைவிட விரைவில் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து கொழுப்பு கரையத் தொடங்குகிறது என்று 1982-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. இரவுண்ணா ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கும் இல்லங்களில் மாலை உணவுக்கும் காலை உணவுக்கும் இடைவெளி ஏற்கெனவே நீளமானது. அங்கே கர்ப்பிணிக்குக் காலை உணவு தாமதமாகவே கூடாது. பகற்பொழுதில் உணவைப் பலவேளையாகப் பகிர்ந்து தரலாம். நோன்பிருக்க விரும்பும் கர்ப்பிணி மருத்துவரைக் கேட்ட பின்னரே முடிவெடுத்தல் நலம்.

ஐந்தாவது, முதற்பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடைப்பட்ட காலம். ஸ்வீடனில் ஒன்றரை இலட்சம் தாய்மார்களின் பதிவுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வு, இரு கர்ப்பங்களுக்கிடையே பி.எம்.ஐ. ஒன்றிரண்டு எண்கள் கூடினாலும் அடுத்த முறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு மிகுவதைக் காட்டியது. பிரசவத்திற்குப் பின் நெய்யும் இனிப்பும் ஊட்டி, "அசையாமல் படு" என்று வைத்திருக்கும் வழக்கத்தைச் சற்றே மறுபரிசீலனை செய்யலாம். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமான ஆறு வாரத்திலும், பின்னர் இடைவிடாமலும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பழி யாருக்கு?

இத்தனையும் கேட்டபின், பிள்ளைக்கு நோய் வந்தால் "உன்னால்தான்" என்று தாயைச் சுட்டும் விரல் ஒன்று எழுமானால், இந்த அறிவு வீணாகிவிடும். நெதர்லாந்துத் தாய்மார்கள் பட்டினியைத் தேர்ந்தெடுக்கவில்லை. புனே கிராமத்துப் பெண்கள் 42 கிலோவாக இருந்ததற்குக் காரணம், அவர்கள் சிறுமியராக இருந்தபோது உண்டதும் உழைத்ததுமே. ஒரு பெண்ணின் எடை, அவள் பிறந்த வீட்டில் யாருக்குப் பின் சாப்பிட்டாள், புகுந்த வீட்டில் அடுப்படியை விட்டு அரைமணி நேரம் நடக்க அவளுக்கு நேரம் கிடைத்ததா, பாலும் பழமும் யார் தட்டில் முதலில் விழுந்தன என்பவற்றின் கூட்டுத்தொகை. மேலும், கருவில் நேர்ந்தது தலையெழுத்தும் ஆகாது. தாய்ப்பாலும், ஓடியாடும் விளையாட்டும், அளவான உணவும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் பெரிதும் துணை செய்யும்.

ஆகவே இங்கு அமர்ந்திருக்கும் ஆடவர்க்கும் இதில் கடமை உண்டு. பேத்திக்கும் பேரனுக்கும் ஒரே அளவு பால் ஊற்றும் பாட்டனார், மனைவியோடு மாலையில் நடக்கச் செல்லும் கணவர், மருமகளைச் சோதனைக்குத் தாமே அழைத்துச் செல்லும் மாமனார் ஆகிய இவர்கள் யாவரும் இன்னும் பிறவாத ஒரு குழந்தையின் உடல்நலத்தைக் காக்கின்றனர்.

கருவுற்ற பெண்ணுக்கு வரும் அந்த இரண்டு அறிவுரைகளின் இடத்தில் இனி மூன்றாவது ஒன்று வரட்டும். "உன் தட்டில் இருப்பது நல்லதாக இருக்கட்டும், அளவாக இருக்கட்டும், வேளையோடு இருக்கட்டும், மற்ற வேலைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு குடும்பம் சொல்லுமானால், அதைவிடச் சிறந்த சீர் எந்த மகளுக்கும் தேவையில்லை.